பியூலா பேருக்கு எடுத்த அரிசி

ரேஷன் கடையில் பதினோரு வருஷம் எடை போட்டவன் நான். யார் கை எவ்வளவு அள்ளும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். குணசீலியின் கை சின்னக் கை. நாற்பது கிராம் அரிசிக்கு மேல் அதில் நிற்காது. ஆனாலும் எங்கள் வளவில் அவளைவிடத் தாராளமாகக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. வாங்கித் தின்றவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

அரசரடியில் ரயில்வே லைனுக்குப் பின்னால் இருந்தது அந்த வளவு. ஒன்பது வீடு, ஒரு கிணறு. நாலாவது வீட்டில் இன்பசேகரனும் குணசீலியும் குடியிருந்தார்கள். அவர் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பியூன். அவள் வீட்டிலிருந்து மளிகைக் கடைகளுக்குப் பேப்பர் கவர் ஒட்டுவாள். கழித்துப் போட்ட பரீட்சைத் தாள்களை அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அவள் மைதாவில் பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி உட்கார்ந்துவிடுவாள். எங்கள் தெருவில் கடுகு வாங்கினால்கூட யாரோ ஒரு பையன் தோற்றுப்போன சரித்திரப் பரீட்சைக்குள்தான் இருக்கும்.

அவர்கள் வேதக்காரர்கள், சி.எஸ்.ஐ. சபை. குணசீலிக்கு ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுப்பாள். கண்ணை மூடி, கஷ்டத்தில் இருக்கிற யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லி ஜெபிப்பாள். பிறகு அந்தப் பிடியைத் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவாள். பிடியரிசி என்று அதற்குப் பேர். மாதக் கடைசியில் சபைப் பெண்கள் வந்து வாங்கிப்போய் இல்லாத வீடுகளுக்குக் கொடுப்பார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது என் பேருக்கு இருபது நாள் எடுத்தாள்.

"நான் எங்க சாமி கோயிலுக்கே போகாதவன். எம்பேர எதுக்கும்மா அங்க இழுக்குற?" என்று கேட்டேன்.

"நீங்க போக வேணாம்ண்ணே. அரிசி போகட்டும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காமாலையும் இறங்கியது. கீழாநெல்லியால் இறங்கியது என்றுதான் நான் எல்லோரிடமும் சொன்னேன்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் அவர்களுடைய ஒரே மகள் பியூலாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஏழு வயசு. பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். இருபதாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு சின்னப் பெட்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குணசீலி அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை, பிறகும் அழவில்லை. மூன்றாம் நாள் பசை காய்ச்சினாள். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்நூறு கவர் ஒட்டுகிறவள் எண்ணூறு ஒட்டினாள். பேசினால் பதில் சொல்வாள். அவளாக யாரிடமும் எதுவும் கேட்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை இன்பசேகரன் சர்ச்சுக்குக் கிளம்பச் சொன்னால் கிளம்புவாள், உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவாள். ஆனால் பிடியரிசி நின்றுபோயிற்று. உலையில் அரிசியை மொத்தமாகக் கொட்டினாள். டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அந்த மாதக் கடைசியில் இன்பசேகரன் என் கடைக்கு வந்தார். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, கார்டுக்கு மேல் ஒரு கிலோ கேட்டார்.

"எதுக்குண்ணே? ரெண்டு பேருக்கு இம்புட்டு அரிசி போதாதா?"

"திங்கிறதுக்கு இல்ல கண்ணுச்சாமி. டப்பாவுல போடணும். சபைப் பொம்பளைங்க வந்து தெறந்தா வெறும் டப்பாவா இருக்கக் கூடாது."

"மானம் போகுமாக்கும்?"

"மானமெல்லாம் இல்லய்யா. என்னைக்காச்சும் அவளா எடுத்துத் தெறந்து பாப்பா. அப்ப அது நின்னுபோனதா அவளுக்குத் தோணக் கூடாது. அவ்வளவுதான்."

என் கார்டில் எழுதி நிறுத்துக் கொடுத்தேன். மாதாமாதம் கொடுத்தேன். மனுஷன் பயந்துபோயிருந்தார். மகள் போனதற்கு மேல் மனைவியும் தன் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்கிற பயம் அது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

மறு வருஷம் மழையே இல்லை. சித்திரை பிறக்கும் முன்பே எங்கள் கிணற்றில் பாறை தெரிந்தது. வீட்டுக்கு நாலு குடம் என்று கணக்குப் பேசி வைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் முறைக்கு நான் வாளியை இறக்கிக்கொண்டிருந்தேன். வளவு வாசலில் ஒரு பொம்பளை வந்து நின்றாள். நாற்பது வயசிருக்கும். வெயிலில் முகம் கறுத்து, கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் ஒரு சாக்குப்பை.

"அண்ணே, பியூலா வீடு இதுதானா?"

கயிறு என் கையிலேயே நின்றுவிட்டது.

"நீ எந்த ஊரும்மா?"

"சோழவந்தானுக்கு அங்கிட்டுண்ணே. பெரியாஸ்பத்திரியில எம்மகனும் பியூலாவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல கெடந்தாங்க. இன்னாசியம்மான்னா குணசீலிக்குத் தெரியும். எங்களத்தான் முதல்ல அனுப்பிட்டாங்க. புள்ள இருக்கால்ல? பள்ளிக்கூடம் லீவா இருக்கும்னுதான் சனிக்கெழமையாப் பாத்து வந்தேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டியது நான். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி, அதற்குப் பிறகு உள்ளே கூட்டிப்போயிருக்க வேண்டும். "நாலாவது வீடு" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம் மனசு கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

குணசீலி தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். "வாங்கக்கா" என்றாள். மறுபடி குனிந்து மடிக்க ஆரம்பித்தாள். இன்னாசியம்மாள் என் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, பையைச் சுவரோரம் வைத்து, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவள் போலிருக்கிறது. பேசிக்கொண்டே தானும் ஒரு தாளை எடுத்து, குணசீலியின் கையைப் பார்த்துப் பார்த்து மடித்தாள்.

"தண்ணி இல்ல தாயி. ஆத்துல மணலு பறக்குது. கொடிக்கால் பூராம் காஞ்சுபோச்சு. கிள்ளுறதுக்கு வெத்தல இருந்தால்ல கூலி? பாதிப் பேரு செங்கச் சூளைக்குப் போயிட்டாங்க. நான் எங்கிட்டுப் போக, எம்மகன விட்டுட்டு? தனிஸ்லாஸ் நல்லாருக்கான். எடது கைதான் இன்னும் தூக்க வரல. சோறு வலது கையில திங்கிறான்ல, அது போதும். தவசு காலத்துலயே வரணும்னு நெனச்சேன். பாஸ்காப் பண்டிகை முடியட்டும், புள்ளையும் நல்லாத் தேறியிருப்பா, அப்பப் போவோம்னு இருந்துட்டேன்."

"ம்" என்றாள் குணசீலி.

"எங்க கோயில் சாமியாரு கேட்டாரு தாயி. என்ன இன்னாசியம்மா, ஒன் வீட்டுல ஒரு வேளதான் ஒல கொதிக்குது, அதுலயும் பிடி எடுத்து வைக்கிறியேன்னு. சாமி, இது ஒரு சி.எஸ்.ஐ.காரி சொல்லிக் குடுத்ததுன்னேன். சிரிச்சாரு. நீதான ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சுச் சொன்ன? வெறும் வாயில கேக்காதக்கா, நம்ம சோத்துல ஒரு பிடி கொறச்சுக்கிட்டுக் கேளு, அப்பத்தான் நம்ம என்ன கேக்குறோம்னு நமக்கே தெரியும்னு. ஊருக்குப் போன அன்னைக்கு ராத்திரியே பியூலா பேரச் சொல்லி எடுக்க ஆரம்பிச்சேன். ஒரு வேள தப்பல."

பையை இழுத்துக் கட்டை அவிழ்த்தாள். ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும் என்று என் கண் சொல்லியது. பழக்கதோஷம். அடுத்த நிமிஷமே அது எத்தனை நாள் சோறு என்று தோன்றி வெட்கமாகிவிட்டது.

"அரிசி இல்லாத நாள்ல என்ன செய்யன்னு எனக்குத் தெரியல. ஒன்னக் கேக்கலாம்னா நீ மதுரையில இருக்க. சோளம் பொங்குன அன்னைக்குச் சோளத்தையே எடுத்து வச்சேன். அது தப்பில்லையே தாயி?"

குணசீலியின் கை நின்றது.

"தப்பில்லக்கா."

"இதுல பொங்கி, புள்ள கையால நாலு பேருக்குச் சோறு போடச் சொல்லணும். அதுக்குத்தான் சொமந்துட்டு வந்தேன். எங்க அவ? வெளாடப் போயிருக்காளா?"

"பியூலா செத்துப்போனாக்கா. நீங்க ஊருக்குப் போன ஒம்பதாம் நாளு."

கடைக்காரனிடம் எத்தனை கவர் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, மடித்த கவரின் ஓரத்தில் பசையைத் தடவி அழுத்தினாள்.

இன்னாசியம்மாள் முதலில் என்னைப் பார்த்தாள். கிணற்றடியில் சொல்லாமல் விட்டவன் என்று அந்தப் பார்வையில் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவள் கை பைக்குள் அரிசியிலேயே இருந்தது.

"அப்ப இந்த அஞ்சு மாசமும்?" என்று கேட்டாள்.

அரிசிக்குள் இருந்த கையை வெளியே எடுத்தாள்.

"எந்திரிக்க வையி, நடக்க வையின்னு கேட்டுக்கிட்டு இருந்தேனே. நேத்து ராத்திரிகூடக் கேட்டேனே தாயி."

அந்த நேரத்துக்கு இன்பசேகரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் புதுசாக ஒரு தாள்கட்டு. இன்னாசியம்மாளை அடையாளம் தெரிந்தது, பையைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது. கட்டை இறக்கக்கூட மறந்து வாசலிலேயே நின்றார்.

"இத எடுத்துட்டுப் போங்கக்கா. ஒங்க வீட்டுல பசிச்ச வயிறு இருக்கு" என்றாள் குணசீலி.

"பேரு சொல்லி எடுத்தத மறுபடி எம் பானையில போடவா? மாட்டேன். நீ வச்சுக்க."

"பேருக்கு ஆளு இல்லையேக்கா. நான் எப்படி வச்சுக்கிற?"

"ஆளு இல்லன்னாலும் எடுத்தது எடுத்ததுதான?"

இரண்டு பேரும் அந்தப் பையை ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளினார்கள். குரல் உயரவில்லை. திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது, இங்கே வைத்துச் சாப்பிடவும் முடியாது. ரேஷன் கடையில் அரிசிக்கு நடக்கிற சண்டையெல்லாம் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டாம் என்று இரண்டு பேர் தள்ளிவிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்பசேகரன் மெல்ல, "சபைக்குக் குடுத்துருவோமே குணா" என்றார்.

"சபைக்கு நீங்கதான் குடுக்குறீங்களே, கண்ணுச்சாமி அண்ணங்கிட்ட வாங்கி."

அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கும் அப்படித்தான். இத்தனை மாதமும் தெரிந்தே இருந்திருக்கிறாள். தெரிந்தும் கேட்கவில்லை.

குணசீலி எழுந்தாள். முறத்தை எடுத்து வந்தாள். "பொங்கிருவோம்" என்றாள். "யாரு வேணாலும் திங்கட்டும்."

பையை முறத்தில் சரித்தபோது மேலே இருந்து முதலில் இடித்த சோளம் வந்தது. போன பங்குனியிலும் மாசியிலும் எடுத்தது அது. அதற்குக் கீழே குருணை. அதற்கும் கீழே ரேஷன் அரிசி, பழுப்பாக. குணசீலி புடைத்தாள், இன்னாசியம்மாள் கல் பொறுக்கினாள். கடைசியில் பையின் மூலையிலிருந்து கொஞ்சம் நல்ல அரிசி விழுந்தது. வண்டு ஓடியது.

"அடியில கெடக்குற இது அவ உசிரோட இருக்கையில எடுத்தது" என்றாள் இன்னாசியம்மாள்.

குணசீலி அந்த அரிசியை விரலால் கொஞ்ச நேரம் அளைந்தாள். வண்டைப் பொறுக்கிப் போட்டாள். தனியாக எடுத்து வைப்பாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. மற்ற அரிசியோடு சேர்த்துவிட்டாள்.

அவ்வளவையும் பொங்க அவர்கள் வீட்டில் பாத்திரம் இல்லை. என் வீட்டு அண்டாவைக் கொண்டுவந்தேன். கிணற்றடிக்குப் பக்கத்தில் மூன்று கல்லைப் போட்டு இன்பசேகரன் அடுப்பு மூட்டினார். தண்ணீருக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் கடைசி வீட்டு விருமாண்டி, யாரோடும் ஒட்டாத மனுஷன், தன் பங்கில் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம் வந்தது. என் வீட்டுக்காரி புளிக்குழம்பு வைத்தாள். சோளத்தை முதலில் போட்டு வேகவிட்டு, அரிசியை அப்புறம் போட்டார்கள். புகையில் குணசீலியின் கண் சிவந்தது. அது புகைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கிளறினாள்.

வெயில் சாயும் நேரத்துக்குச் சோறு இறங்கியது. வளவே தட்டோடு வந்து நிழலில் உட்கார்ந்தது. சாப்பிடும் முன் ஜெபம் செய்வது அவர்கள் வழக்கம். இன்பசேகரன் எழுந்து நின்றார், கண்ணை மூடினார், "ஆண்டவரே" என்றார். அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துகொண்டார். நாங்களும் சாப்பிட ஆரம்பித்தோம்.

சோறு நன்றாக இல்லை. பொய் சொல்வானேன். நாலு வகைத் தானியம் ஒரே உலையில் எப்படி ஒன்றுபோல வேகும்? குருணை குழைந்துவிட்டது, அரிசி வெந்திருந்தது, சோளம் பல்லில் கடித்தது. ஆனால் அந்த வருஷம் எல்லோர் வீட்டிலும் அரைவயிறுதான். யாரும் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு, குணசீலி இன்னாசியம்மாளுக்குப் பக்கத்தில் தன் தட்டோடு உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் இன்பசேகரன், அவரை அடுத்து நான்.

நாலு வாய் சாப்பிட்டிருப்பாள். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, நீங்க எந்திரிக்க வையின்னு கேட்டீங்க. நான் அப்படிக் கேக்கல."

"பெறகு?"

"கடைசி நாலு நாளு அவ கண்ணே தெறக்கல. ஒடம்பு வெட்டி வெட்டி இழுத்துச்சு. நாக்கக் கடிச்சு ரத்தம் வரும், தொடப்பேன், மறுபடி வரும். அன்னைக்குக் கட்டிலுக்குக் கீழ உக்காந்து கேட்டேன். போதும் ஆண்டவரே, எடுத்துக்கங்கன்னு. விடியக் காலம்பர எடுத்துக்கிட்டாரு." ஒரு பருக்கையை விரலால் நசுக்கினாள். "எம்புட்டோ பேருக்கு எம்புட்டோ கேட்டிருக்கேன். இது ஒண்ணத்தான் கேட்ட ஒடனே குடுத்தாரு. அதுலருந்து கையில அரிசிய எடுத்தா யாரு பேரையும் சொல்லப் பயமா இருக்கு."

இன்பசேகரனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஐந்து மாதமாக ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்தவர், அதை அப்போதுதான் கேட்கிறார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.  அவர் அவளை ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்து அங்கேயே இருந்துவிட்டேன்.

இன்னாசியம்மாள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"நானும் கேட்டேன்" என்றாள்.

"யாருக்கு?"

"தனிஸ்லாஸுக்கு. ஒங்கிட்ட வராந்தாவுல வந்து அழுதேன்ல, அன்னைக்கு. அவன் கெடந்த கெடையப் பாக்க முடியல தாயி. மாதாவே, இவன எடுத்துக்க, இல்ல என்னைய எடுத்துக்கன்னு கேட்டேன். ஒங்கிட்ட அதச் சொல்ல வாயி வரல. புள்ள பொழைக்கணும்னு அழுகுறேன்னு நெனச்சுக்கிட்டு நீ பிடியரிசி எடுக்கச் சொன்ன."

"பெறகு என்னாச்சு?"

"எனக்குக் குடுக்கல. மறுநா அவன் கஞ்சி கேட்டான்."

இன்னாசியம்மாள் சோளத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். இன்பசேகரன் தன் முன்னால் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து, குடிக்காமல், குணசீலியின் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். மன்னித்தாரா, மன்னிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. பிறகு அவர் கையும் சோற்றைப் பிசைந்தது.

குணசீலி அந்தத் தண்ணீரைக் குடித்தாள். இன்னாசியம்மாளின் தட்டைப் பார்த்தாள்.

"சோளம் வேகலையாக்கா? சோறா இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"வையி தாயி. பஸ்ஸுல போகணும், பசிக்கும்."

எழுந்து போய் அண்டாவிலிருந்து ஒரு குண்டான் நிறைய எடுத்து வந்தாள். சோளம் விழாமல் பார்த்துப் பார்த்து இன்னாசியம்மாளுக்கு வைத்தாள். "தனிஸ்லாஸுக்கு ஒரு தூக்குச்சட்டியில போட்டுத் தாரேன்" என்றாள். புருஷனுக்குக் கேட்காமலே வைத்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்களுக்கு?"

எனக்கு வயிறு நிறைந்திருந்தது. தட்டை நீட்டினேன். பாதிச் சோறு தட்டைத் தாண்டி என் முழங்காலில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் கண்ணீர், மூக்கிலிருந்தும் ஒழுகியது. அவளுக்குத் துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் குண்டான், ஒரு கையில் கரண்டி. அப்படியே சத்தமாக அழுதுகொண்டு, அடுத்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரியின் தட்டுக்கு நகர்ந்தாள்.